பாலாற்றுக்காக எந்த பட்டனை அழுத்தினீர்கள், எம்.பி. சார்?

2025 ஏப்ரல் 3 அதிகாலையில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. ஆதரவு 288, எதிர்ப்பு 232. விடிந்ததும் ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு எண்களையும் சொன்னார்கள். எந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றது, யார் அன்று அவையில் இல்லை என்பதுவரை பேச்சு ஓடியது.

அதற்கு முன்னால் 2019 டிசம்பர். குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று தேறியது. அ.தி.மு.க. உறுப்பினர்களின் கைதான் அதைக் கரை சேர்த்தது என்று வாணியம்பாடியில் சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரியும். அந்த வாக்கு அக்கட்சியை விடவே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில், அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அவர்களே எழுத வேண்டி வந்தது. வாக்கு பதிவானால் கணக்குக் கேட்க எங்கள் பக்கத்து மக்களுக்குத் தெரியும். இதை அடித்துச் சொல்வேன்.

இப்போது இன்னொரு தேதி: 2024 பிப்ரவரி 8. தண்ணீர் மாசுத் தடுப்புத் திருத்த மசோதா அன்றுதான் மக்களவையில் நிறைவேறியது. இரண்டு நாள் முன்னால் மாநிலங்களவையில் முடிந்திருந்தது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆற்றிலோ கிணற்றிலோ நிலத்திலோ விஷக் கழிவை விடுகிறவருக்கு ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை என்று இருந்தது. இந்தத் திருத்தம் அந்தச் சிறையை எடுத்துவிட்டு, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கியது. விசாரிக்கப்போவது நீதிமன்றம் இல்லை, அரசு நியமிக்கும் ஓர் அதிகாரி. சில வகைத் தொழிற்சாலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதியே வேண்டாம் என்று விலக்குத் தரும் அதிகாரமும் மத்திய அரசுக்குப் போனது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று வரிசையாகத் தோல் பதனிடும் டேனரிகள் இருக்கிற பூமிக்கு இதைவிட நெருக்கமான சட்டம் என்ன இருக்கிறது? எங்கள் எம்.பி. அதில் எப்படி வாக்களித்தார்?

தேடிப் பார்த்தால் பதில் கிடைக்காது. அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம். ஆதரிப்பவர்கள் "ஆம்" என்று சத்தம் போட்டார்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்று சத்தம் போட்டார்கள், "ஆம்" பக்கமே அதிகம் என்று அவைத் தலைமை அறிவித்தது. எந்தப் பெயரும் எதிலும் ஏறவில்லை.

அமெரிக்காவில் சுற்றுச்சூழலுக்கென்றே ஒரு வாக்காளர் அமைப்பு, 1970-களிலிருந்து ஒவ்வொரு உறுப்பினரும் காற்று, தண்ணீர், காடு, எரிசக்தி பற்றிய மசோதாக்களில் எப்படி வாக்களித்தார் என்று மதிப்பெண் போட்டு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. உன் தொகுதிக்காரர் நூற்றுக்கு இத்தனை என்று தேர்தல் நேரத்தில் நேராகச் சொல்லிவிடலாம். அப்படி ஒரு பட்டியலை வேலூருக்குப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் முக்கியமான கட்டங்களுக்கு நேரே எழுத ஒன்றுமே இல்லை.

ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்றாலும் மக்களவைக்கு வேலூர் தொகுதிதான். தி.மு.க.வின் கதிர் ஆனந்த் எங்கள் உறுப்பினர். 2019 ஆகஸ்டில் தள்ளிப்போய் நடந்த தேர்தலில் 8,141 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்து ஜெயித்தவரை, 2024-இல் இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசம் கொடுத்து அனுப்பினோம். ராணிப்பேட்டைப் பக்கம் அரக்கோணம் தொகுதி, அதே கட்சியின் ஜெகத்ரட்சகன். பாலாற்றங்கரை டேனரிகள் அனைத்தும் இந்த இரண்டு பேரின் பொறுப்பில் வருகின்றன. அதனால் இந்தப் பதிவில் என் கேள்வி முதலில் அவர்களுக்குத்தான்.

கேள்விக்கு முன் ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து படிப்பவர்கள் தோல் என்றால் நாற்றம், குரோமியம் என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் நிலத்தைக் கொன்றதில் பெரிய பங்கு உப்புக்கு. கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் பச்சைத் தோல் வருகிறது. டேனரியில் முதல் வேலை அதை ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. அப்புறம் சுண்ணாம்பு, அமிலம், கடைசியில் குரோம் போட்டு ட்ரம்மில் சுற்றுவது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே வருகிறது. குரோமையாவது வேதிப்பொருள் போட்டு அடியில் படியவைத்துப் பிரிக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரிக்க அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாகத் தள்ள வேண்டும், மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். இரண்டுக்கும் எரிசக்தி வேண்டும்.

எரிசக்திக் கொள்கை வேறு, சுற்றுச்சூழல் வேறு என்று டெல்லியில் பிரித்துப் பேசுவார்கள். இங்கே இரண்டும் ஒரே குழாயில் ஓடுகிறது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற விதியால், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மோட்டார்களும் கொதிகலன்களும் ராப்பகலாக ஓட வேண்டும். மின்சாரம், விறகு இரண்டின் செலவும் உறுப்பினர் டேனரிகளின் தலையில். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியபோது சின்ன டேனரிக்காரர்கள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யூனிட் விலை ஏற ஏற, மழை பெய்யும் இரவில் வால்வைத் திறந்துவிடுவதன் லாபமும் ஏறுகிறது. சட்டத்தின் பயம் அந்த லாபத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அந்த பயத்தின் அளவைத்தான் 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் குறைத்தது.

ஆம்பூருக்குப் பக்கத்தில் மாராப்பட்டு. நல்ல மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் வருகிற வருடங்களில், பாலத்தின் மேல் நின்றால் ஆறு தெரியாது, நுரைதான் தெரியும். காற்றடித்தால் பொதிபொதியாகக் கிளம்பிக் கைப்பிடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தொட்டால் விரலில் வழுவழுப்பு, அப்புறம் லேசான எரிச்சல். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடந்த ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டிய நாளில் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.

என் பெரியப்பா வீட்டுக் கிணறு இன்னும் இருக்கிறது. தென்னை மட்டைகள் நுனியிலிருந்து கருகி வருவதை வைத்தே தண்ணீரின் உப்பை அவர் சொல்லிவிடுவார். நஷ்ட ஈடு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒருநாள் கேட்டேன்.

"அந்தக் காசை என்ன பண்ணீங்க பெரியப்பா?"

"இன்னா பண்றது? குடிக்கத் தண்ணி டேங்கர்ல வாங்கனேன். காசு தீர்ந்துபோச்சு. கிணறு அப்படியேதான் கீது."

அந்தக் காசின் கதை நாடு முழுக்க சட்டக் கல்லூரிகளில் பாடம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ் என்று அதில் பதிவானது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தமிழ்நாட்டின் டேனரி மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. பாதிப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் வந்தது. அந்த ஆணையம் 547 தொழிற்சாலைகளைப் பொறுப்பாக்கி, 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள். குடும்பத்துக்குச் சராசரி பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை.

1996-இல் உச்ச நீதிமன்றம் போட்ட பத்தாயிரம், 28 வருஷம் கழித்து நாடாளுமன்றம் எழுதிய சட்டத்தில் குறைந்தபட்ச அபராதமாக அப்படியே நிற்கிறது. இந்த இடைவெளியில் ஒரு பவுன் தங்கம் எங்கிருந்து எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். ஆற்றைக் கெடுப்பதன் ஆரம்ப விலை மட்டும் ஏறவில்லை.

திருத்தத்தை ஆதரிக்கிறவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். சிறைத் தண்டனை ஏட்டில்தான் இருந்தது, வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், அபராதம் என்றால் உடனே வசூலாகும் என்கிறார்கள். தண்ணீர் மாசுக்காக ஜெயிலுக்குப் போன டேனரி முதலாளியை நானும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த ஆறு வருஷம் என்ற வரி சட்டத்தில் இருந்ததால்தான் ஒரு சாதாரண விவசாயி கொடுத்த மனுவுக்கு அதிகாரி எழுந்து உட்கார்ந்தார். கழிவுக்குப் பில் போட்டுக் கட்டிவிடலாம் என்றானபின், பணம் உள்ளவருக்கு அது இன்னொரு செலவுக் கணக்கு. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துத் தொழிலாளிகள். அதே ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்தது. இந்த இரண்டையும் தன் தொகுதிக்குள் வைத்திருக்கும் உறுப்பினர், சிறையை நீக்கும் மசோதா வரும்போது எழுந்து நின்றுதான் ஆக வேண்டும் என்பது என் கட்சி.

எப்படி எழுந்து நிற்பது? வழி இருக்கிறது. குரல் வாக்கெடுப்பின் முடிவை ஏற்க முடியாது, டிவிஷன் வேண்டும் என்று எந்த உறுப்பினரும் கேட்கலாம். மக்களவை நடைமுறை விதி 367 அதைச் சொல்கிறது. டிவிஷன் நடந்தால் மணி அடிக்கும், கதவை அடைப்பார்கள், ஒவ்வொருவரும் பட்டனை அழுத்த வேண்டும், பெயரோடு பதிவாகும். கேட்டால் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களில் திருச்சி சிவா உள்ளிட்டவர்கள் மாநிலங்களவையில் டிவிஷன் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஆனால் கேட்டார்கள் என்பது நாட்டுக்கே தெரிந்தது. அது அவர்கள் கணக்கில் வரவு.

கொறடா உத்தரவு இருக்கும்போது தனி உறுப்பினர் என்ன செய்வார் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சி சொன்னதை மீறி வாக்களித்தால் பதவி போகும். நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் கொறடா உத்தரவு இருந்தால் போதும் என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆளுங்கட்சி எம்.பி.க்கு இது உண்மையிலேயே தளை. எங்கள் எம்.பி.க்கள் இருவருமோ டெல்லியில் எதிர்க்கட்சி. ஒன்றிய அரசின் மசோதாவை எதிர்த்துப் பதிவோடு வாக்களிக்க அவர்களுக்கு என்ன தடை?

2023 ஜூலைக் கடைசியை நினைத்துப் பாருங்கள். 25-ஆம் தேதி பல்லுயிர்ச் சட்டத் திருத்தம், 26 வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், 27 ஜன் விஸ்வாஸ் மசோதா, 28 கனிமச் சட்டத் திருத்தம். நாலு நாளில் நாலு சட்டம் மக்களவையைத் தாண்டின, அமளிக்கு நடுவே, குரல் வாக்கெடுப்பில். ஜன் விஸ்வாஸ் வழியாகத்தான் காற்று மாசுச் சட்டத்திலும் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் இருந்த சிறைத் தண்டனைகள் அபராதமாயின. வனச் சட்டத் திருத்தம், காடு என்று ஆவணத்தில் ஏறாத காடுகளைப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளியது. மணிப்பூர்க் கலவரத்துக்காக எதிர்க்கட்சிகள் அவையை முடக்கியிருந்த வாரம் அது. மணிப்பூருக்காகப் போராடியது சரி, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் நாலு சட்டங்கள் நழுவிப் போனதற்கும் பொறுப்பு உண்டு. வெளிநடப்புச் செய்தவர்களின் எதிர்ப்பு பத்திரிகையில் ஒரு நாள் செய்தி. பதிவான 'இல்லை' என்றைக்கும் ஆவணம்.

அந்த நாலாவது சட்டத்தின் வினை பதினைந்து மாதத்தில் மதுரைக்கு வந்தது. பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியைச் சேர்த்து, 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. மேலூர்ப் பக்கத்து மக்கள் தெருவுக்கு வந்ததும்தான் 2023-இல் யார் என்ன சொன்னார்கள் என்று தோண்ட ஆரம்பித்தார்கள். அ.தி.மு.க.வின் தம்பிதுரை மாநிலங்களவையில் அந்த மசோதாவை ஆதரித்துப் பேசியது வெளியே வந்தது. ஏல முறையைத்தான் வரவேற்றார் என்று அவர் கட்சி விளக்கம் சொன்னது. இவ்வளவு நாள் மாநில அரசு என்ன செய்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. ஒரு பேச்சு அவைக் குறிப்பில் இருந்ததால்தான் அந்தக் கணக்கைக் கேட்க முடிந்தது. பதிவு இல்லாத இடத்தில் ஆளாளுக்கு நான்தான் எதிர்த்தேன் என்று மேடையில் பேசிக்கொள்ளலாம்.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் அது நேர்மை ஆகாது. 2023 ஏப்ரல் 21 அன்று சென்னையில் சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தி.மு.க. அரசு அன்று நிலம் ஒருங்கிணைப்புச் சட்டத்தை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்று அறிவித்தால், அதற்குள் இருக்கும் ஏரி, ஓடை, வாய்க்காலையும் சேர்த்துத் திட்டத்துக்குக் கொடுக்க வழிசெய்யும் சட்டம். ஏரிப் பாசனத்தை நம்பியே வாழ்ந்த வட ஆற்காட்டுக்கு இது என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்து எம்.எல்.ஏ.க்கள் அந்த நாளில் கேட்டிருக்க வேண்டாமா? நீர்வளத் துறையைக் கையில் வைத்திருந்தவர் காட்பாடியின் துரைமுருகன், எங்கள் எம்.பி.யின் அப்பா. பாலாற்றைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் அந்த அவையில் இல்லை.

அதே நாளில் நிறைவேறிய இன்னொரு சட்டம் பன்னிரண்டு மணி நேர வேலை. ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண்களின் வயிற்றில் நேராக அடிக்கும் சட்டம். தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்து நாள்! நிலச் சட்டத்துக்கு அந்த அளவு சத்தம் எழவில்லை, அது நிலைத்தது, 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது.

டேனரிகளை மூடு என்று நான் எழுதவில்லை. இந்தத் தொழிலில்தான் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிகிறது, என் உறவினர்கள் பாதிப்பேர் அதில் இருக்கிறார்கள். ஒழுங்காகக் கழிவைச் சுத்திகரித்து, மின் கட்டணமும் கட்டி, விலைப் போட்டியில் திணறுகிற டேனரிக்காரருக்குத்தான் இந்தத் திருத்தம் முதல் துரோகம். இரவில் வால்வைத் திறக்கிறவனும் அவரும் ஒன்று என்று அது சொல்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மலிவான சூரிய மின்சாரம், குவியும் உப்பை எடுத்துப்போக ஓர் ஏற்பாடு, இவற்றுக்காக எங்கள் எம்.பி. அவையில் சண்டை போட்டால் நானே இங்கே அவரைப் பாராட்டிப் பத்து பதிவு எழுதுவேன்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் வேலூருக்குத் திரும்பியது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பாக்கி இருக்கும் நஷ்ட ஈட்டை அரசு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழுவும் அமைக்கச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 வருஷம். இந்த 28 வருஷத்தில் இந்தத் தொகுதிகளுக்கு எத்தனை எம்.பி.க்கள், எத்தனை எம்.எல்.ஏ.க்கள் வந்து போனார்கள்! செய்ய வேண்டிய வேலையை நீதிமன்றம்தான் செய்துகொண்டிருக்கிறது.

தண்ணீர் திருத்தச் சட்டத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் வருவதால், அரசியல் சட்டத்தின் 252-ஆம் பிரிவின்படி முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களில் மட்டும்தான் அது நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்களுக்கு அது பொருந்த வேண்டுமானால் அந்தந்தச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். ஆக, இதில் டெல்லிக்குச் சமமாக உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, எந்தத் தொகுதியாக இருந்தாலும் சரி.

மக்களவை இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினர் பெயரின் கீழும் அவர் கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள் இருக்கின்றன. பாலாறு, டேனரி, குரோமியம் என்று போட்டுத் தேடுங்கள், கிடைத்ததை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பிறகு உங்கள் எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். தண்ணீர் மாசுக்குச் சிறை வேண்டுமா வேண்டாமா, உங்கள் நிலை என்ன, அடுத்த முறை ஆறும் காடும் பற்றிய மசோதா வந்தால் டிவிஷன் கேட்பீர்களா என்று கேளுங்கள். வக்ஃப் மசோதா நாளில் காட்டிய அக்கறையை இதிலும் காட்டுங்கள். வருகிற பதிலை, பதில் வராவிட்டால் வரவில்லை என்பதை, எனக்கு அனுப்புங்கள். தொகுதிவாரியாக இங்கேயே வெளியிடுகிறேன்.